சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் எந்தப் பெண் சாம்பியன்? எங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்து வையுங்கள்

ஈசூன் இரவுத்தாதி | 2025 மே 5, பிற்பகல் 2.40

எல்லோரும் தேர்தல் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்கிறேன், திட்டாதீர்கள். சனிக்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில், மின்தூக்கியிலேயே ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ரெஸ்லிங்கில் இப்போது சாம்பியன் பெல்ட் வைத்திருக்கும் பெண்களில் யார் பெரிய ஆள்?

எங்கள் வீட்டில் மூன்று கட்சி. அம்மாவுக்கு 74 வயது, ஆங்கிலம் தெரியாது, ஆனால் ரெஸ்லிங் பார்க்க ஆரம்பித்து நாற்பது வருடம் இருக்கும். மகள் உயர்நிலை ஒன்று. அப்புறம் நான், மருத்துவமனையில் இரவுப்பணி. கணவருக்கும் துறைமுகத்தில் இரவு வேலைதான். அவர் காலையில் வந்து படுத்துவிட்டால் ஹாலில் டிவி சத்தம் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் ரெஸ்லிங் எப்போதும் ஊமைப்படம். கூட்டத்தின் கூச்சல் இல்லை, வர்ணனை இல்லை, வரும்போது போடும் பாட்டும் இல்லை.

போன மாதம் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி ரெஸ்ல்மேனியா 41 லாஸ் வேகாஸில் நடந்ததல்லவா, சிங்கப்பூரில் நமக்கு ஞாயிறும் திங்களும் காலை ஏழு மணி. ஞாயிறு மகள் பக்கத்தில் இருந்தாள். டிஃப்பனி ஸ்ட்ராட்டன் வாயில் ரத்தத்தோடு நின்று சார்லட் ஃப்ளேரைத் தோற்கடித்தபோது இவள் தலையணையைக் கடித்துக்கொண்டு குதித்தாள், அப்பா எழுந்துவிடுவார் என்று. திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளி. "யாரும் எனக்கு முடிவைச் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது எட்டரை. அம்மா கதவைத் திறந்ததும் காலணியைக் கூடக் கழற்ற விடவில்லை.

"ரெண்டு பெரிய பொண்ணுங்க ஒருத்திய ஒருத்தி முறைச்சிக்கிட்டே இருந்தாளுங்கடி. பெல்ட்டு வச்சிருக்கவள யாரும் சட்டையே பண்ணல. அந்தக் குட்டி கம்பத்து மேல ஏறி அப்படியே குட்டிக்கரணம் போட்டுச் சடைக்காரி மேல விழுந்துட்டா. முடிஞ்சது."

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இதை நடித்துக் காட்டினார். சடைக்காரி என்றால் பியான்கா பெலேர். இன்னொரு பெரிய பெண் ரியா ரிப்ளி, அம்மாவுக்கு அவர் 'கறுப்பு உதட்டுக்காரி'. குட்டி, ஐயோ ஸ்கை. ஜப்பான்காரர் பெயர் ஐயோ என்றால் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது, அதனால் குட்டி.

மார்ச் 3ஆம் தேதி ரியாவிடமிருந்து பட்டத்தைப் பறித்தவரே ஐயோதான். ஆனால் ரெஸ்ல்மேனியா வரைக்கும் ரியாவும் பியான்காவும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களே தவிர இவரைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கதையை மைக்கில் பேசிப் பேசித்தான் வாரக்கணக்கில் வளர்த்தார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தை கூடக் காதில் விழவில்லை, விழுந்திருந்தாலும் புரிந்திருக்காது. உடம்பையும் முகத்தையும் வைத்தே முழுக்கதையும் போய்ச் சேர்ந்துவிட்டது பாருங்கள்.

அம்மாவின் ஓட்டு ஐயோவுக்கு. மகளுக்கு டிஃப்பனி. நான் டோனி ஸ்டார்ம் கட்சி. டபிள்யூடபிள்யூஇ மட்டும் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஏஇடபிள்யூ என்ற இன்னொரு ரெஸ்லிங் நிறுவனத்தில் பட்டம் வைத்திருப்பவர். பழைய ஹாலிவுட் நடிகை மாதிரி வேடம் கட்டுவார், வரும்போது திரையே கறுப்பு வெள்ளையாக மாறும். தன்னைக் குருவாகக் கும்பிட்ட மரையா மே துரோகம் செய்து, போன ஆகஸ்டில் லண்டன் வெம்ப்லியில் பட்டத்தைப் பறித்தார். டோனி டிசம்பரில் திரும்பி வந்தபோது எல்லாம் மறந்துபோன புதுமுகம் போல நடித்தார். பிப்ரவரி 15 பிரிஸ்பனில் பட்டம் மறுபடி கைக்கு வந்தது. மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் ரத்தக்களறியோடு கணக்கை முடித்தார்கள். அடி விழுகிற நேரத்தில் கூட அந்த நடிகையின் திமிர் குறையாது, எனக்கு அது போதும்.

அம்மா இதற்கும் ஒன்று சொல்கிறார்: "அவ வேஷம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ பேசறதக் கேட்டாத்தானே உனக்குப் பிடிக்குது? சத்தம் இல்லாமப் பாரு." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பணியிடத்து ஓய்வறையில் காதில் மாட்டிக்கொண்டுதான் நான் டோனியைப் பார்ப்பேன்.

யார் பெரியவர் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? தோற்றவர் ஒரு மாதம் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். சீக்கிரம் சொல்லுங்கள்.

---

பெல்ட் கணக்குப்பிள்ளை | மே 5, மாலை 4.12

எதை வைத்தா? கணக்கை வைத்துத்தான். இன்றைய தேதிக்கு ஐயோ 63 நாள், டோனி 79 நாள், டிஃப்பனி 122 நாள். டிஃப்பனி பட்டம் வாங்கியதும் எப்படி? ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்த நையா ஜாக்ஸ் மேல் ஜனவரி 3ஆம் தேதி எப்போது வேண்டுமானாலும் பட்டத்துக்கு மோதலாம் என்ற ஒப்பந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வாங்கினார். அதைப் பெரிய வீரம் என்று சொல்ல மாட்டேன்.

மெர்சேடிஸ் மொனேவை ஏன் விட்டீர்கள்? முன்பு சாஷா பேங்க்ஸ் என்ற பெயரில் ஆடியவர். ஏஇடபிள்யூவின் இன்னொரு பெண்கள் பட்டமான டிபிஎஸ் 2024 மே 26 முதல் அவர் கையில். அதையும் விடுங்கள், அதீனா? ரிங் ஆஃப் ஹானர் என்ற நிறுவனத்தின் பெண்கள் பட்டத்தை 2022 டிசம்பர் 10ஆம் தேதி வாங்கினார். 870 நாளைத் தாண்டியாகிவிட்டது, இன்னும் ஒருவராலும் பறிக்க முடியவில்லை. உங்கள் மகள் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது வாங்கியது!

பத்து வருடத்துக்கு முன்னால் நிலைமை என்ன? 2015 பிப்ரவரியில் டபிள்யூடபிள்யூஇயின் வாராந்திர ரா நிகழ்ச்சியில் பெண்களின் ஜோடி ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. ரசிகர்கள் இணையத்தில் கத்திய பிறகுதான் நேரம் கூட்டினார்கள். 2016 ரெஸ்ல்மேனியாவில் பெண்களுக்குக் கொடுத்துவந்த அந்தப் பட்டாம்பூச்சி வடிவ பெல்ட்டையே ஒழித்தார்கள், 2019ல் ரெஸ்ல்மேனியாவின் கடைசி ஆட்டமே பெண்களுக்குக் கிடைத்தது. இப்போது எண்ணிப் பார்த்தால் கை விரல் போதாத அளவுக்குப் பெல்ட். அதனால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. என் ஓட்டு அதீனா. பாத்திரம் நீங்கள் மூவருமே கழுவலாம்.

---

கேலாங் பழையவர் | மே 5, இரவு 8.55

தாதியம்மா, ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பா ஹாப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் கிங் காங் என்ற மல்லரின் குஸ்தி பார்த்தவர். தாரா சிங் இந்த ஊரில் டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வோர்ல்டில் குஸ்தி பழகியவர் என்று சாகும் வரை பெருமையாகச் சொல்லுவார். கிங் காங் 1970ல் கார் விபத்தில் அடிபட்டு இங்கே சிங்கப்பூரிலேயே இறந்தபோது வீட்டில் யாரோ செத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்பா நம்பினார். நான் நம்பவில்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். அப்படி இருக்க, 870 நாள் வைத்திருந்தார் என்றால் அது அந்தப் பெண்ணின் திறமையா, எழுதியவரின் விருப்பமா? கணக்குப்பிள்ளை தம்பி பதில் சொல்லட்டும்.

---

ஈசூன் இரவுத்தாதி | மே 5, இரவு 9.30

ஐயா, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். கூத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்? சாவு எழுதியதுதான். அந்த வேடம் கட்டியவர் எப்படிச் செத்தார் என்பதை அடுத்த வருடம் வரைக்கும் பேசுவார்கள், அதை யாரும் அவருக்கு எழுதித் தர முடியாது. நான் கேட்பதும் அதைத்தான். (இந்த உவமை அம்மாவுடையது. எனக்கு இவ்வளவு ஓடாது.)

---

பாயில் விழுபவள் | மே 6, அதிகாலை 12.48

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். நான் இங்கே எட்டு மாதமாக ரெஸ்லிங் பயிற்சிக்குப் போகிறேன், வீட்டில் யோகா என்று சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு மாதம் விழ மட்டும்தான் கற்றுக்கொடுத்தார்கள். மோவாயை நெஞ்சில் ஒட்டி, மூச்சை விட்டு, இரண்டு கையாலும் தரையை அறைந்து முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படுகிற மாதிரி விழ வேண்டும். அடியில் இருப்பது மெத்தை இல்லை. பலகை, அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் துணி. முதல் வாரம் பேருந்து இருக்கையில் சாய முடியவில்லை.

ஐயோ, டிஃப்பனி இருவருமே முடிப்பது மூன்சால்ட்டில்தான், கவனித்தீர்களா? பின்பக்கமாகச் சுழன்று எதிராளி மேல் வயிறு படும்படி விழுவது. டிஃப்பனி சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். மூலையில் கயிற்றின் மேல் துள்ளி ஏறி அந்த வேகத்திலேயே சுழல்வார். பார்க்க அழகு, உங்கள் மகள் மயங்கியதில் தப்பே இல்லை. ஐயோ கயிற்றின் உச்சியில் நின்றே போவார். ஆனால் மேலே ஏறும் முன் கீழே கிடப்பவர் எங்கே கிடக்கிறார் என்று ஒரு பார்வை, ஏறிய பிறகு ஒரு நொடி நிதானம். இறங்கும்போது தன் எடையைக் கையிலும் முழங்காலிலும் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருப்பவரின் விலா போய்விடும், அதிகமாகத் தாங்கினால் தன் முழங்கால் போய்விடும். 2007ல் ஆரம்பித்தவர், அத்தனை வருடமாக இதைத் தினமும் செய்து இன்னும் நடக்கிறார் என்பதே எனக்கு அதிசயம்.

2020ல் வார்கேம்ஸ் என்ற கூண்டுச் சண்டையில் குப்பைத் தொட்டியைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு கூண்டின் மேலிருந்து குதித்தாரே, அதை அம்மாவுக்குக் காட்டுங்கள். கண் தெரியாமல் குதித்தது. கீழே நின்றவர்கள் பிடிப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான்.

இன்னொன்று, நீங்கள் அமெரிக்காவோடு நிறுத்திக்கொண்டீர்கள். ஜப்பானின் பெண்கள் ரெஸ்லிங் நிறுவனமான ஸ்டார்டமின் தலையாய பட்டம், சிவப்பு பெல்ட், இப்போது சாயா காமிதானியிடம் இருக்கிறது. போன மாதம் 27ஆம் தேதி யோகோஹாமா அரினாவில் தாம் நாகானோவோடு மோதினார். தோற்பவர் ஓய்வு பெற வேண்டும் என்று நிபந்தனை. நாகானோ தோற்றார், அதோடு ரெஸ்லிங்கையே விட்டார். ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. நானும் ஒரு வகையில் சத்தமில்லாமல்தான் பார்த்தேன், அழுதேன்.

நம் பக்கமும் ஆள் இருக்கிறார்கள். இங்கே முதல் பெண் மல்லர் அலெக்சிஸ் லீ. ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நோர் ஃபீனிக்ஸ் டயானா, தலையில் முக்காடோடு ஆடுபவர், 2019ல் நாலு ஆண்களோடு மோதி மலேசியாவில் பட்டம் வாங்கினார். என் அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் நாளில் அந்தப் படத்தைத்தான் காட்டப்போகிறேன்.

---

பெல்ட் கணக்குப்பிள்ளை | மே 6, காலை 7.05

பழையவர் ஐயா, எழுதியவரின் விருப்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் கொட்டாவி விட்டால் 870 நாள் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

தங்கச்சி, யோகாவுக்குப் போகிறவள் முதுகு முழுக்கச் சிராய்ப்போடு வந்தால் அம்மாவுக்குத் தெரியாதா?

---

பாயில் விழுபவள் | மே 6, காலை 7.20

தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் கேட்காமலே தைலம் எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

---

ஈசூன் இரவுத்தாதி | மே 7, காலை 10.15

தங்கச்சி, நேற்று எனக்கு ஓய்வு நாள். நீ சொன்ன குப்பைத் தொட்டிக் குதிப்பை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம், கைப்பேசியை முட்டைப் பரோட்டாத் தட்டில் சாய்த்துவைத்து. அம்மா அதை நாலு தடவை போடச் சொன்னார். நாலாவது தடவையும் ஐயோவைப் பார்க்கவில்லை. கீழே நிற்பவர்களைக் காட்டி, "இவளுங்க எல்லாம் எதிரிதானே, பாரு, பிடிக்கத் தயாரா கையைத் தூக்கி நிக்கிறாளுங்க" என்றார். நான் இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட அந்தக் கைகளைக் கவனித்ததில்லை. படுக்கையிலிருந்து நோயாளியைத் தூக்கும்போது எதிர்ப்பக்கம் நிற்கும் தாதியின் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று புதுப் பெண்களுக்குச் சொல்லித் தருவது நான். ரெஸ்லிங் பார்க்கும்போது அது எங்கே போனதோ.

அப்புறம் டோனியின் பிரிஸ்பன் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதியில் என்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டக் கை போய்விட்டது, மகள் பார்த்துவிட்டாள். வழக்கு அங்கேயே முடிந்தது.

மகள் மட்டும் மசியவில்லை. ஐயோவின் மூன்சால்ட் சரியானது, டிஃப்பனியின் மூன்சால்ட் அழகானது, தனக்கு அழகானதுதான் வேண்டும் என்கிறாள். பதின்மூன்று வயதில் அப்படித்தான் இருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை அவர்களே, அம்மா இப்போது அந்த 870 நாள்காரியைக் காட்டு என்கிறார். ஒரு நல்ல ஆட்டமாகச் சொல்லுங்கள், பேச்சு குறைவாக இருக்கட்டும். இரண்டாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், மகள் வேண்டுமென்றே பெரிய சட்டியில் மேகி மீ சமைத்து வைத்திருக்கிறாள்.