80-க்கு 56: சிலிண்டரைக் கழற்றுவதா? குற்றம் மெல்லிய கலவையுடையதா?

நெடுவானம்:
பொனான்ஸா என்ற சிறிய ஒற்றை இயந்திர விமானம் ஒன்றின் ஆண்டுச் சோதனையில், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு அழுத்தம் தங்குகிறது என்று பார்த்தார்கள். அதன் காண்டினென்டல் நிறுவன ஐஓ-550 இயந்திரத்தின் ஐந்து சிலிண்டர்கள் 80-க்கு 70-ஐ ஒட்டி அளவு காட்ட, மூன்றாவது மட்டும் 56-இல் நின்றது. எரிபொருள்-காற்றுக் கலவையை, வெளியேறும் வாயுவின் வெப்பம் உச்சம் தொடும் இடத்துக்கும் அப்பால் மெலியவிட்டு (எரிபொருளைக் குறைத்து) ஓட்டியதால் வால்வு கருகிவிட்டது, சிலிண்டரைக் கழற்ற வேண்டும் என்கிறார் பராமரிப்பாளர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று கேட்டுப் பார்க்காமலே சொல்லப்பட்ட தீர்ப்பு இது.

திருகுச்சாவி:
கழற்றச் சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 80-இல் கால் பங்குக்கு மேல் இழப்பு, அதாவது 60-க்குக் கீழே, என்பது பழைய பொது வரம்பு. மற்றோர் இயந்திரத் தயாரிப்பாளரான லைகமிங் நிறுவனமோ 65-க்குக் கீழே இறங்கினாலும், சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 வரை வேறுபட்டாலும் ஆராயச் சொல்கிறது. ஒற்றை இயந்திர விமானத்தில் வால்வின் தலை முறிந்து விழுந்தால் விமானிக்கு மாற்று வழி இல்லை.

நெடுவானம்:
லைகமிங்கின் அளவுகோலைக் காண்டினென்டலின் மேல் வைக்கக் கூடாது. 2003-இல் காண்டினென்டல் வெளியிட்ட எஸ்பி03-3 என்ற பராமரிப்பு அறிக்கையின்படி, சோதனைக் கருவியை முதலில் அளவிட்ட நுண்துளை ஒன்றோடு இணைத்து, அன்றைய வரம்பு எது என்று கண்டறிய வேண்டும். அது பெரும்பாலும் நாற்பதுகளில்தான் வரும். பிஸ்டன் வளையங்கள் வழியே அந்த வரம்பு வரை கசியலாம். வால்வு வழிக் கசிவு அதைவிடக் கவலைக்குரியது. ஆகவே வளையக் கசிவாக எண்ணெய் ஊற்றும் வாயில் சீறல் கேட்கும் 56 பறக்கத் தகுதியானது. வால்வுக் கசிவாக எக்ஸாஸ்ட் குழாயில் சீறல் கேட்டால் 70 கூட ஐயத்துக்குரியது. போர்ஸ்கோப் என்ற நுண்கேமராவால் உள்ளே பார்ப்பதையும் அதே அறிக்கை சோதனையின் பகுதியாக்கியிருக்கிறது.

கலவையைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் பலவீனமானது. சிலிண்டர் தலையின் வெப்பமும் உள்ளழுத்தமும் மிக உயர்வது, வெளியேறும் வாயுவின் உச்ச வெப்பத்துக்கு ஏறக்குறைய 40 அல்லது 50 ஃபாரன்ஹீட் செறிந்த (எரிபொருள் மிகுந்த) பக்கத்தில். பாதுகாப்பு என்று நம்பிப் பலர் நிறுத்துமிடமும் அதுவே. உச்சத்தைக் கடந்து மெலியும்போது கலவை மெதுவாக எரிகிறது. அழுத்தத்தின் உச்சி தாமதமாகவும் தாழ்வாகவும் வருகிறது. சிலிண்டர் தலை குளிர்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தைப் பெரிதும் தான் மூடி அமரும் வளையமான இருக்கையின் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. வால்வின் தண்டு ஓடும் வழிகாட்டி தேய்ந்து வால்வு சரியாக அமராதபோது ஓரத்தின் ஒரு பகுதி மட்டும் கருகத் தொடங்கும். பழைய பெரும் பயணிகள் விமானங்களான கான்ஸ்டலேஷன், டிசி-7 ஆகியவற்றின் ரைட் ஆர்-3350 இயந்திரங்களை விமானப் பொறியாளர்கள் மெல்லிய பக்கத்தில் வைத்தே கடல் கடந்தார்கள்.

வடக்குக்காற்று:
அவர்கள் முன் முழு அளவிப் பலகை இருந்தது. செஸ்னா 182-இன் ஓ-470 இயந்திரத்தில் கார்புரேட்டர் எல்லாச் சிலிண்டருக்கும் எரிபொருளைச் சமமாகப் பங்கிடுவதில்லை. ஒன்று உச்சத்தைக் கடந்திருக்கும்போது அடுத்தது மிகவும் சூடான இடத்திலேயே நிற்கலாம். ஒரே ஒரு வெப்ப உணரியோடு பறப்பவருக்கு இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நெடுவானம்:
அங்கே நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஓக்லஹோமாவின் ஏடா ஊரிலுள்ள காமி நிறுவனம், கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சும் இயந்திரங்களுக்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பொருத்தமான எரிபொருள் முனைகளைச் செய்தது இதே போன்ற குறையை நீக்கத்தான். முதலில் உச்சம் தொடும் சிலிண்டருக்கும் கடைசியில் தொடுவதற்கும் இடையே மணிக்கு அரை காலனுக்கு மேல் எரிபொருள் வேறுபாடு இருந்தால், முனைகளைத்தான் முதலில் சீர்செய்ய வேண்டும்.

திருகுச்சாவி:
போர்ஸ்கோப் படத்தைச் சரியாக வாசிக்கும் கண் எல்லாப் பட்டறையிலும் இல்லை. வளையக் கசிவு என்றாலும் எரிந்த வாயு எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய்ச் செலவும் வடிகட்டியில் சிக்கும் உலோகத் துகளும் தெரியாமல் 56-ஐ நான் கையெழுத்திட்டு விடமாட்டேன்.

நெடுவானம்:
அந்த நிபந்தனை சரி, ஏற்கிறேன். ஆனால் கழற்றுவதும் ஆபத்தில்லாத வேலையன்று. இயந்திரத்தின் இரு பாதிகளையும் பிணைக்கும் நீள்திருகுகளைத் தளர்த்தினால் முதன்மைத் தாங்கிகளின் பிடிப்பு குலையும். மீண்டும் முறையான முறுக்கோடு இறுக்காததால் இயந்திரங்கள் பறக்கும்போதே சிதைந்திருக்கின்றன. எனவே விமானத்தைப் பறக்கவிட்டு, இயந்திரம் சூடாக இருக்கும்போதே மறுபடி சோதித்து, வால்வின் முகத்தைப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிறம் ஒருபுறமாகச் சாய்ந்திருந்தால் சிலிண்டரைக் கழற்ற நானே சொல்வேன்.

திருகுச்சாவி:
படத்தை இங்கே இடுங்கள். வால்வு இருக்கையின் விளிம்பும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.