அப்பாவுக்கு வாசப்படியில கால் ஒட்டிக்கிது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். பாம்பன்ல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 64, நாப்பது வருசம் நாட்டுப்படகுல கடலுக்கு போனவரு, இப்ப பார்க்கின்சன்னு, அதான் நடுக்குவாத நோய்னு சொல்லிட்டாங்க. வலை ஊசியில நூல் சுத்தும்போது நல்லா இருக்குற கை, சும்மா மடியில வச்சா பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுற மாதிரி உருளுது.

மதுரையில பாத்த டாக்டர் சொன்னதுல எனக்கு புரிஞ்சது, மூளைக்குள்ள ஆழத்துல பேசல் கேங்லியான்னு ஒரு பகுதி இருக்காம், எந்த அசைவை விடணும் எதை அடக்கணும்னு பாக்குறது அதுதானாம், அதுக்கு டோபமின்ங்குற ரசாயனத்தை அனுப்புற செல்லுங்க அழிஞ்சதால பிரேக்கு புடிச்ச மாதிரி ஆயிருச்சுன்னாரு.

ஆச்சரியம் என்னன்னா வாசப்படிகிட்ட கால் ஒட்டிப்போயி நிக்கிற மனுசன், கரையில நங்கூரக் கயிறுக குறுக்க கெடந்தா ஒவ்வொண்ணா தாண்டி சர்ருனு போறாரு! கண்ணால பாத்து எட்டு வைக்கிறதுக்கு மூளையில வேற வழி இருக்காம். அதான் வீட்டு தரையில கலர் டேப்பு ஒட்டலாம்னு இருக்கேன், ஒட்டுனவங்க எவ்வளவு இடைவெளி விட்டீங்க?

இந்த நோய்க்கு குடுக்குற லெவோடோபா மாத்திரை புரதச் சாப்பாட்டோட சேந்தா சரியா ஏறாதாம், எங்க வீட்லயோ மூணு வேளையும் மீனு. நேரத்தை எப்படி பிரிச்சு குடுக்குறீங்க? மூளைக்குள்ள கம்பி வச்சு கரண்ட் குடுக்குற டிபிஎஸ் ஆபரேசன் யாராச்சும் பண்ணிருந்தா செலவும் பலனும் சொல்லுங்க. மாத்திரைய நிறுத்திட்டு நாட்டு மருந்து குடுன்னு மட்டும் சொல்லாதீங்க, ஒரு வாரம் நிறுத்தி பட்டாச்சு.

ராம்நாடு பக்கம் வீட்டுக்கு வர்ற பிசியோ இருந்தாலும் சொல்லுங்க.