யுரேனைல் கார்பனேட்டில் சோடியம் வெறும் பந்தி நிரப்பியா?

செம்பூர் வாத்தியார்:
நேற்று டியூஷனில் யுரேனைல் கார்பனேட்டை, அதாவது யுரேனியத்தோடு ஆக்சிஜனும் கார்பனேட்டும் சேர்ந்த அயனியை, விளக்க ஓர் எலுமிச்சம்பழத்தை யுரேனியமாக வைத்துக்கொண்டேன். மேலும் கீழும் ஒவ்வொரு பல்குச்சி: 1.8 ஆங்ஸ்ட்ரம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ரம்) அளவில் நெருங்கி நிற்கும் இரண்டு ஆக்சிஜன்கள். இடுப்பைச் சுற்றி ஆறு குச்சிகள்: மூன்று கார்பனேட்டுகள் இரண்டிரண்டு கைகளால் பிடித்திருப்பவை, தொலைவு சுமார் 2.4. சோடியம் உப்போ பொட்டாசியம் உப்போ, இந்த உருவம் மாறுவதில்லை. இந்த உருவத்தின் எதிர்மின்சுமை நான்கு என்பதால், அதை ஈடுகட்ட நான்கு கார உலோக அயனிகள் (சோடியமோ பொட்டாசியமோ) வருகின்றன. பந்தியில் காலியிடம் நிரப்ப உட்கார்ந்தவர்கள், அவ்வளவுதான்.

மாட்டுங்கா மாணவி:
ஐயா, அந்தப் பந்தி உவமையை ஏற்க முடியவில்லை. பொட்டாசியம் உப்பு ஒற்றைச்சரிவுப் படிகம், அதாவது ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த அடுக்கு. ஆய்வகத்தில் தயாரித்த சோடியம் உப்பு முக்கோணச் சமச்சீர் உடையது. கார்பனேட்டின் மூன்றாவது ஆக்சிஜன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பிடித்து அடுத்த எலுமிச்சையோடு இணைப்பது யார்? சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ரம், பொட்டாசியத்துக்கு 1.38. ஆள் பருத்தால் பந்தி வரிசையே மாறும்.

செம்பூர் வாத்தியார்:
வீடு மாறினால் ஆள் மாறிவிடுவாரா அம்மா? ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் யுரேனியத் தாதுவைக் கரைக்கச் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் பயன்படுகின்றன. அங்கே பாறையே கார்பனேட் வகை, அமிலம் ஊற்றினால் அதுவே குடித்துத் தீர்த்துவிடும். கரைந்து வருவது என் எலுமிச்சைதான்.

மாட்டுங்கா மாணவி:
அது கரைசல் ஐயா. படிகத்தைப் பற்றித்தானே பேச்சு?

முலுண்ட் தாத்தா:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. படிகத்தின் அமைப்பை எக்ஸ் கதிரால்தான் பார்க்கிறோம்; அதைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். யுரேனியத்தின் 92 எலக்ட்ரான்களுக்கு முன் சோடியம் அயனியின் 10 மின்மினிதான். வாத்தியாரின் அலட்சியம் அங்கிருந்தே வந்திருக்கும்! 1972-ல் விவரிக்கப்பட்ட கிரிம்சலைட் என்ற சுவிட்சர்லாந்துக் கனிமத்தைப் பாருங்கள். மூன்று பொட்டாசியம், ஒரு சோடியம், கொஞ்சம் நீர், படிகம் அறுகோணமாகிவிட்டது. ஐந்து இணைதிறன் புளுட்டோனியத்தின் பொட்டாசியம் கார்பனேட்டிலோ எலுமிச்சையே தனித்து நிற்பதில்லை. புளுட்டோனியமும் கார்பனேட்டும் தகடாகப் பரவ, தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் படுத்திருக்கிறது.

செம்பூர் வாத்தியார்:
புளுட்டோனியத்தை இழுத்தது அநியாயம், நான் பேசியது யுரேனியத்தைப் பற்றி. கிரிம்சலைட் மட்டும் உறுத்துகிறது. சரி, அடுத்த வகுப்புக்குச் சோடியமாகக் கடுகும் பொட்டாசியமாகக் கொண்டைக்கடலையும் வாங்குகிறேன்.

மாட்டுங்கா மாணவி:
கடுகு ரொம்பச் சிறிது ஐயா, விகிதம் கெட்டுவிடும். பட்டாணி வாங்குங்கள்.