பிரெப் 2-1-1க்கு அலாரம் வைப்பது எப்படி? போன் பொதுவில் கிடக்கும் வீடு

நீலக்குறிஞ்சி:
தேவைக்கு மட்டும் போடுற 2-1-1 பிரெப்புக்கு (எச்ஐவி வராம தடுக்க உறவுக்கு முன்னாடியும் பின்னாடியும் போடுற மாத்திரை) எந்த ஆப் சரிவரும்? மாத்திரை ஆப் எல்லாத்துலயும் 'தினமும்'னுதான் இருக்கு. திரையில மருந்துப் பேர் தெரியக் கூடாது.

வெள்ளிமீன்:
தனி ஆப்பே வேண்டாம் தோழர், போன் காலண்டர் போதும். பலரும் தடுமாறுறது 24 மணிக் கணக்குலதான். அது உறவு நேரத்துல இருந்து இல்ல, முதல் டோஸ்ல இருந்து. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னாடி இரண்டு மாத்திரை. சனி ராத்திரி 8க்குப் போட்டா, ஞாயிறு 8க்கு ஒண்ணு, திங்கள் 8க்கு ஒண்ணு. முதல் இரண்டை முழுங்கின கையோட மத்த ரெண்டு அலாரத்தையும் வெச்சிடுங்க. ஞாயிறு ராத்திரியும் உறவு இருந்தா செவ்வாய் 8 வரை தினம் ஒண்ணு நீளும்.

குறிப்புக்கு 'செடிக்குத் தண்ணி'ன்னு பேர் வைங்க. குடும்பத்தோட பகிர்ந்த காலண்டர்ல மட்டும் போட்டுடாதீங்க, எல்லார் போன்லயும் மணி அடிக்கும்.

பனைநிழல்:
ஆப்தான் வேணும்னா பேட்டரி அமைப்பைப் பாருங்க. சார்ஜ் மிச்சம் பண்ண ஆண்ட்ராய்டு ஆப்பைத் தூங்க வெச்சிடும், அலாரம் அடிக்காது. அந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துட்டு, திரையை அணைச்சு, ஒரு மணி நேரம் தள்ளி சோதனை அலாரம் வெச்சுப் பாருங்க.

இதைவிட முக்கியம்: ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு 2-1-1 ஆகாது. இந்த மருந்து அந்த வைரஸையும் அடக்கும். விட்டு விட்டுப் போட்டா கல்லீரல் அழற்சி திடீர்னு எகிறலாம். ஆரம்பிக்கும் முன்னாடி எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியா இருக்கான்னு பாக்கிற ரத்தப் பரிசோதனை) மூணும் பாக்கணும். அப்புறம் 3 மாசத்துக்கு ஒருமுறை எச்ஐவி டெஸ்ட். அரசு மருத்துவமனையில இருக்கிற நம்பிக்கை மையத்துல (எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையம்) அந்த டெஸ்ட் இலவசம். கனோரியா, கிளமிடியா மாதிரி பாலியல் தொற்றுகளுக்கு சிறுநீர் மட்டும் குடுத்தா தொண்டையிலயும் ஆசனவாயிலயும் இருக்கிறது தப்பிச்சிடும். அங்கேயும் பஞ்சுக்குச்சி வெச்சு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

வெள்ளிமீன்:
டேட்டிங் ஆப்ல தூரம் காட்டுறதை அணைச்சிடுங்க. எச்ஐவி நிலை கேட்கிற கட்டத்தையும் காலியா விடலாம். கிரைண்டர் (Grindr) டேட்டிங் ஆப் அந்த விவரத்தை வெளி நிறுவனங்களுக்குக் குடுத்தது 2018ல வெளியில வந்துச்சு. துணைகிட்ட நேர்ல பேசிக்கிறதுதான் நல்லது.

நீலக்குறிஞ்சி:
ஞாயிறு 8 மணி மாத்திரை தவறி 11க்குத்தான் ஞாபகம் வந்தா?

பனைநிழல்:
உடனே போடுங்க, திங்கள் 8 மாறாது. பின்னாடி போடுற ரெண்டும் விட்டுப்போய், ஆணுறையும் இல்லாம இருந்திருந்தா காத்திருக்காதீங்க. பெப் மருந்தை (உறவுக்கு அப்புறம் எச்ஐவி தொத்தாம தடுக்கப் போடுறது) 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் போடணும். எங்க கிடைக்கும்னு எச்ஐவி உதவி எண் 1097ல கேட்கலாம், கட்டணம் இல்ல. அந்த நம்பரைப் போன்ல இப்பவே சேமிச்சு வைங்க.