பரிசு வாங்கிய டி.பி.4 விற்பனைக்கு வந்திருக்கிறது: மாமா வாங்கலாமா?

ஓவர்டிரைவ்:
இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் என் மாமா கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருக்கிறார். இப்போது அவர் கண் ஒரு 1960 ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.4 கார் மேல் விழுந்திருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: அக்கு அக்காகப் பிரித்துப் புதுப்பித்த வண்டி, வெள்ளி நிறம், இரண்டு கான்கோர்ஸ் போட்டிகளில் முதல் பரிசு, விலை நேரில். (கான்கோர்ஸ் என்றால் வண்டியைப் புல்வெளியில் நிறுத்திவைத்து, நடுவர்கள் டார்ச் அடித்து அடிப்பாகம் வரை பார்த்து மார்க் போடுவது.) விசாரித்தால் விலை லட்சங்களில் இருக்கிறது, அதுவும் பவுண்டில். என்ன சொல்கிறீர்கள்?

கிரீஸ்கை:
வேண்டாம். இது கிராண்ட் டூரர். இரண்டு பேர், நாலு பெட்டி, விடிகாலையில் லண்டனில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாடு பிரான்சின் தென்கோடியில். அதற்காகச் செய்த வண்டி. அசையாமல் நின்றதற்கு இதற்குப் பரிசு கொடுப்பது, பந்தயக் குதிரைக்குச் சடை நன்றாகப் பின்னியிருக்கிறது என்று கோப்பை கொடுப்பது மாதிரி. ஹோஸ் கிளிப் அந்தக் காலத்து மாடலா, போல்ட் தலையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓடும்போது எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

டி.பி.4-இல் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஆஸ்டனின் பொறியாளர் டாடெக் மாரெக் வடிவமைத்த அந்த 3.7 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை முதலில் வார்ப்பிரும்பில் செய்வதாக இருந்தது. ஆனால் வார்த்துக் கொடுக்க ஆள் கிடைத்தது அலுமினியத்துக்குத்தான். அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் இடைவெளி கூடும், எண்ணெய் அழுத்தம் விழும். 1959 நவம்பரில் எம்1 நெடுஞ்சாலை திறந்தது, அன்று அதில் வேக வரம்பே கிடையாது. வாங்கியவர்கள் காலை எடுக்காமல் மிதித்தார்கள், பேரிங் போயிற்று. வண்டி பிறந்த நியூபோர்ட் பாக்னெல் ஊரை ஒட்டித்தான் அந்தச் சாலையே போகிறது. பெரிய சம்ப் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி), ஆயில் கூலர் எல்லாம் அடிபட்ட பிறகு வந்தவை.

வரவுசெலவு:
கிரீஸ்கை அண்ணன் 1960-இன் பிரச்சினையைச் சொல்கிறார். எஞ்சினைப் பிரித்து மாட்டியவர்கள் அதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்? நான் கணக்கு மட்டும் பேசுகிறேன். 1958 முதல் 1963 வரை இந்த வண்டி வந்ததே ஆயிரத்து நூறு சொச்சம்தான். ஒன்றை முழுதாகப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பு. உளுத்துப்போனதை மலிவாக வாங்கிச் சரிசெய்தால், சரிசெய்த வண்டியின் விலையையே செலவு தாண்டிவிடும். யாரோ ஒருவர் பணத்தைக் கொட்டி முடித்துவிட்டார். நஷ்டம் அவருக்கு, வண்டி மாமாவுக்கு. பிரிட்டனில் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது.

எட்டாம்நம்பர்:
லாபத்துக்கு வரி இல்லை, சரி. லாபம் எங்கே? பத்து வருடம் முன்னால் உச்ச விலையில் ஆஸ்டன் வாங்கினவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா?

அப்புறம் அந்த வெள்ளி நிறம். சினிமாவில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டியது வெள்ளி நிற டி.பி.5. அதைப் பார்த்துவிட்டு, பச்சையும் நீலமுமாகப் பிறந்த எத்தனையோ ஆஸ்டன்களை வெள்ளி ஆக்கிவிட்டார்கள். தொழிற்சாலைப் பதிவேட்டு நகலில் என்ன நிறம் என்று கேளுங்கள்.

ஓவர்டிரைவ்:
கேட்டேன். கரும்பச்சை, உள்ளே பழுப்புத் தோல். எஞ்சின் எண் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது, டி.பி.4-க்கு உரிய 370 என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் 4.2 லிட்டராகப் பெருக்கியிருக்கிறார்களாம்.

கிரீஸ்கை:
பெருக்கியதில் எனக்குச் சண்டை இல்லை, ஓட்டுகிறவனுக்கு அது சுகம்தான். என் பயம் பாடியில். மிலானின் டூரிங் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய சூப்பர்லெஜரா முறை இது. மெல்லிய இரும்புக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் போதும், பேட்டரி மாதிரி ஒன்றை ஒன்று தின்ன ஆரம்பித்துவிடும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படி ஒன்று வந்தது. கதவுக்குக் கீழே பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். ஓரத்தில் மட்டும் ஊதுபத்திச் சாம்பல் மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. தகட்டைப் பிரித்தால், குழாய் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் தூள் மாதிரி துரு. அதற்கு மேல் ஃபைபர், அதற்கு மேல் பட்டி, அதற்கு மேல் பாலிஷ். அதுவும் கோப்பை வாங்கின வண்டிதான்!

வரவுசெலவு:
ஒரு திருட்டு வேலையை வைத்து எல்லா வண்டியையும் சந்தேகப்படுவதா? ஒழுங்காகச் செய்தவர்களிடம் ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ இருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே முதல் அங்கே வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது) கட்டாயமில்லை. ஆக, விற்பவரோடு சம்பந்தமில்லாத ஓர் ஆள் குனிந்து பார்த்தது அந்தப் போட்டியில் மட்டும்தான். அதையும் மதிக்காதே என்றால் எதை நம்பி வாங்குவது?

எட்டாம்நம்பர்:
கட்டாயமில்லை என்றால் கூடாது என்றா அர்த்தம்? விருப்பப்பட்டு எடுக்கலாமே. அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்ட். பிரேக்கை ரோலரில் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள். பழைய சோதனை விவரம் அரசு தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் இலவசமாக வரும், மைலோடு.

ஓவர்டிரைவ்:
இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சோதனை 2017-இல். விற்பவர் சொல்லும் மைலோடு ஒப்பிட்டால், அன்று முதல் இன்று வரை வண்டி ஓடியது 112 மைல்.

கிரீஸ்கை:
நூற்றுப் பன்னிரண்டா! சீல் எல்லாம் காய்ந்து அப்பளமாகியிருக்கும். டிரெய்லர் எத்தனை மைல் ஓடியது என்று கேளுங்கள், அதுதான் அதிகம். டயரின் தேதி, பிரேக் ஹோஸ், கிளட்ச் சிலிண்டர் எல்லாம் மாமாவின் தலையில்தான் விடியும்.

வரவுசெலவு:
அத்தனையும் பேரத்துக்குப் பிடி. வேண்டாம் என்பதற்குக் காரணம் இல்லை.

ஓவர்டிரைவ்:
ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு போய்ப் பார்த்துவிட்டேன். மூன்று தடி ஆல்பம் காட்டினார்கள். பிரித்த வண்டி இருக்கிறது, பிரைமர் அடித்த வண்டி இருக்கிறது, நடுவில் வெறும் குழாய்க் கூடு தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. கேட்டால், போட்டோ எடுத்த பையன் அப்போது லீவில் இருந்தானாம்.

பானெட்டைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். எம்.ஓ.டி.க்கு அனுப்பச் சொன்னதற்கு, போட்டி வண்டியை அங்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்றார் விற்பவர். மாமா இது எதையும் காதில் வாங்கவில்லை. மர ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பச்சையில் எப்படி இருந்திருக்கும்?" என்றார்.

வரவுசெலவு:
குழாய் படம் இல்லை என்பதற்கே ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மறுபடியும் பச்சை அடிக்கிற செலவையும் சேர்த்து.

கிரீஸ்கை:
குறைத்துக் கொடுத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். வாயில் நுழைக்கிற கேமரா மாதிரி குழாய்க் கேமரா இருக்கிறது, ஒன்றைக் கொண்டுபோய் கதவுக்கு அடியில் விட்டுப் பாருங்கள். காலையில் சொல்லாமல் போங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. தனியாகப் போக வேண்டாம். டிக்கெட் போட்டால் நானே வருகிறேன்.

எட்டாம்நம்பர்:
முதல் வரியில் "வேண்டாம்" என்றவர்தான் இப்போது விசாவுக்கு போட்டோ எடுக்கப் போகிறார்.