கலைச்சொல் தேவை: திரையின் ஹெர்ட்ஸை ஏற்றுவதற்கு என்ன சொல்? (வெள்ளிக்குள்)

வியாசர்பாடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். கணினிப் பழுதுநீக்கும் வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை இராயபுரம் அச்சகத்துக்குப் போகவேண்டும். இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை 75 வரை ஏற்றும்போது வரும் கோளாறுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். 'ரெஃப்ரெஷ் ரேட்' (திரை வினாடிக்கு எத்தனை முறை படம் வரைகிறது என்பது, அலகு ஹெர்ட்ஸ்) என்பதற்குப் 'புதுப்பிப்பு வீதம்' என்றும், 'ஓவர்கிளாக்கிங்' (குறித்த அளவுக்கு மேல் வேகம் ஏற்றுவது) என்பதற்கு 'மிகைக்கடிகாரம்' என்றும் எழுதினேன். 'டிரைவர்' என்ற மென்பொருளுக்கு 'இயக்கி'. அதனால் ஒரு வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது: "இயக்கியைப் புதுப்பித்தபின் புதுப்பிப்பு வீதம் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும்." மாணவர்கள் இரண்டு புதுப்பிப்பையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

பெரம்பூரிலிருந்து

அம்மா, சொல்லுக்குப் போகுமுன் பக்கத்தின் வரிசையைத் திருத்துங்கள். முதல் வேலை, இரண்டு கார்டையும் சேர்த்து இயக்கும் எஸ்.எல்.ஐ. அல்லது கிராஸ்ஃபயர் வசதியை அணைப்பது. மானிட்டரை முதல் கார்டில் மட்டும் செருகி, ஒற்றைக் கார்டில் சோதிக்கவேண்டும். இரண்டு கார்டும் மாறிமாறிப் படம் வரையும்போது இடைவெளி சீராக இருக்காது, படம் திக்கும். மானிட்டர் சில படங்களைக் காட்டாமல் விட்டுவிடுவதும் கண்ணுக்கு ஏறத்தாழ அப்படியே தெரியும். கார்டைப் பிரிக்காமல் பார்த்தால் குற்றம் யாருடையது என்றே தெரியாது.

அடுத்தது கணக்கு. 1920×1080 புள்ளிப் படத்துக்கு வழக்கமான மொத்த அளவு, ஓரத்து வெற்றிடத்தையும் சேர்த்து, 2200×1125. அதை 60 ஆல் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு அத்தனை மில்லியன் புள்ளிகள், 75 ஆல் பெருக்கினால் 185.625. டி.வி.ஐ. என்ற பழைய மானிட்டர் இணைப்பின் ஒற்றை இணைப்பு வகைக்கு வரம்பு 165. ஆகவே 66 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கம்பியில் போகாது. வெற்றிடத்தைக் குறைத்து 2080×1116 என்று வைத்தால் 70 ஹெர்ட்ஸுக்கு 162.5 தான் ஆகும், அது அடங்கும். 75 வேண்டுமென்றால் அதிக வரம்புள்ள டிஸ்ப்ளேபோர்ட் இணைப்புக்கு மாறச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து

'இமைப்பு வீதம்' என்பதே தகும். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று தொல்காப்பியர் காலத்தை அளந்ததே இமையால்தான். ஒரு வினாடிக்கு எத்தனை முறை என்று கேட்கும் இடத்தில் இதைவிடப் பொருந்தும் வேர் எது? இமைப்பு, இமைத்தல், இமைப்பொழுது என்று குடும்பமே இருக்கிறது. ஹெர்ட்ஸ் என்ற அலகையே 'இமை' எனலாம்: 75 இமைத் திரை. கடிகாரத்தை இழுத்துவந்து ஒட்டவேண்டிய தேவையே இல்லை.

பெரம்பூரிலிருந்து

ஐயா, சொல் அழகு, பொருள் தவறு. எல்.சி.டி. திரை இமைப்பதில்லை. அடுத்த படம் வரும்வரை பழைய படத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும். உண்மையில் இமைப்பது பின்னொளி. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பல மானிட்டர்களில் அது விரைவாக அணைந்து எரிகிறது, சிலருக்குத் தலைவலி வருவது அதனால்தான். 'இமைப்பு' என்பதை அதற்கு ஒதுக்கிவைப்போம். இங்கே செலவழித்தால் அங்கே சொல் இருக்காது.

இராயபுரத்திலிருந்து

'மறுவரைவு வீதம்' என்று முன்பே சிலர் எழுதுகிறார்களே. படம் மாறாவிட்டாலும் திரை அதைத் திரும்ப வரைகிறதே.

தண்டையார்பேட்டையிலிருந்து

தம்பி, அகத்திணையில் வரைவு என்றால் மணம். தோழி தலைவனிடம் வரைவு கடாவுகிறாள். மறுவரைவு என்றால் மறுமணம் என்றாகிவிடும். 'வரைப்பு' என்று மாற்றினால் எல்லை, மதில் சூழ்ந்த இடம். 'தீட்டல்' எனலாம், ஆனால் தீட்டு என்ற சொல் நம் ஊரில் சுமக்கும் இழிவை ஒரு பாடநூலுக்குள் நான் கொண்டுவரமாட்டேன். தவிர, 'மறு' என்பதற்கே நிலவின் கறை என்ற பொருளும் உண்டு.

திருவொற்றியூரிலிருந்து

இலக்கணம் தெரியாத பிள்ளை இணையத்தில் 'ஓவர்கிளாக்' என்றுதான் தேடும். தமிழ் எழுத்தில் ஓவர்கிளாக்கிங் என்றே போடுங்கள். மெக்கானிக் யாரும் 'மிகைக்கடிகாரம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஹெர்ட்ஸ் ஏத்திப் பாரு" என்றுதான் சொல்கிறார்கள்.

பெரம்பூரிலிருந்து

அண்ணே, விடை உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது. ஏத்துவது ஏற்றம். 'கிளாக்' இங்கே நேரம் காட்டும் கடிகாரம் இல்லை, மின் துடிப்பு. ஆகவே துடிப்பேற்றம். திரைக்கு வருவது திரைத்துடிப்பு. கார்டு வினாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை படவீதம். இரண்டும் வேறு என்று பிள்ளைகளுக்குப் புரிந்தால் பாதிக் கோளாறு தீர்ந்தது: படவீதம் 140 இருந்தாலும் திரைத்துடிப்பு 70 என்றால் திரை 70 முறைதான் மாறும்.

மானிட்டர் படத்தைக் கைவிடுவதற்குத் 'தாவல்' வேண்டாம், உலாவியின் டேபை ஏற்கெனவே அப்படி அழைக்கிறோம். 'படம் விடுபடல்' போதும். கார்டால் வருவது 'திக்கல்'. சோதனை இப்படி: மானிட்டரைச் சோதிக்கும் டெஸ்ட்யூஎஃப்ஓ இணையதளத்தில் படம் விடுபடலுக்கான பக்கத்தை முழுத்திரையில் திறந்து, கேமராவை அசையாமல் நிறுத்தி, 1/10 வினாடி ஒளி விழும்படி (எக்ஸ்போஷர்) படமெடுக்கவேண்டும். கட்டங்கள் தொடர்ந்து ஒளிர்ந்தால் சரி. நடுவில் இருட்டுக் கட்டம் விழுந்தால் மானிட்டர் 75 என்று ஒப்புக்கொண்டு உள்ளே படத்தை விடுகிறது. அந்த ஏற்றத்தால் பயனில்லை, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறக்குங்கள். பச்சைப் புள்ளிகள் மினுங்கினால் கம்பியையும் வரம்பையும் பாருங்கள். திரை இருண்டால் 15 வினாடி எதையும் தொடாதீர்கள், விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பும். திரையின் அளவையும் ஹெர்ட்ஸையும் மாற்றும் சி.ஆர்.யு. என்ற மென்பொருளால் மாற்றிய பிறகு இருண்டால், சேஃப் மோடில் போய் அதன் ரீசெட்-ஆல் கோப்பை இயக்கவேண்டும். ஒற்றைக் கார்டில் எல்லாம் நிலைத்த பிறகே இரண்டாவது கார்டை இணைப்பது. அதன்பின் திக்கினால் மானிட்டரைக் குறைசொல்ல வேண்டாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து

துடிப்பு நோயாளிக்கு உரிய சொல். மருத்துவ வகுப்பில் துடிப்பேற்றம் என்றால் நெஞ்சு படபடப்பு என்றுதான் கொள்வார்கள். ஆனாலும் துடி ஒரு தோற்கருவி, சீராக அடிப்பது. அந்த வழியில் வந்தால் எதிர்க்கமாட்டேன்.

வியாசர்பாடியிலிருந்து

இன்று வியாழன் இரவு. திரைத்துடிப்புக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, ஐயா மட்டும் அரைமனதோடு. தலைப்பில் 'ஓவர்கிளாக்கிங்', உள்ளே 'துடிப்பேற்றம்' என்று போடுகிறேன். படவீதம், விடுபடல், திக்கல் மூன்றும் அப்படியே ஏறுகின்றன. அந்த வாக்கியம் இப்போது: "இயக்கியைப் புதுப்பித்தபின் திரைத்துடிப்பு 60க்குத் திரும்பக்கூடும், மீண்டும் ஏற்றுக."

திருவொற்றியூரிலிருந்து

தலைப்பில் இருந்தால் எனக்குப் போதும் அம்மா. 'கம்பி' என்பதைக் 'கேபிள்' என்று மாற்றிவிடுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து

மாற்றவேண்டாம். 'வடம்' இருக்கிறது.