பதில்: "பெய்டு புரமோஷன்" – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கம்பெனியிடம் காசோ பொருளோ வாங்கிக்கொண்டு யூடியூப் சேனல் போன்றவற்றில் ஒரு பொருளைப் பரிந்துரைப்பதை ("பெய்டு புரமோஷன்") தமிழில் எப்படிச் சொல்வது என்று இந்த இழையில் இதுவரை வந்தவற்றைப் படித்தேன். கட்டண விளம்பரம், உபயம், வழங்குநர் பதிவு, கூலிப் பரிந்துரை என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: ஆதாயப் பரிந்துரை. கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்ட ஐயாவுக்குப் பதில். 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் சமூக ஊடகத்தில் பேசுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு விளக்கக் கையேடும் வந்தது. ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறவருக்கும் அதை விற்கிறவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லியாக வேண்டும். பணம் மட்டும் கணக்கில்லை. இலவசமாக வந்த பொருள், பயணம், பரிசு எல்லாம் சேரும். எளிய சொல்லில், பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரம் என்று முடிவானால் பரிந்துரைத்தவருக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

அப்படியென்றால் தமிழில் பேசும் சேனல் தமிழில்தான் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லைப் போடுவது? புழக்கத்தில் ஒன்றும் இல்லாததால் திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு அது போய்ச் சேருவதில்லை.

எங்கள் திருவாரூர்ப் பக்கம் சம்பா நெற்பயிரில் புகையான் என்ற தத்துப்பூச்சி விழுந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தூரைப் பிரித்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தத்துப்பூச்சி மொய்த்துக் கிடக்கும். விட்டால் சில நாளில் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்து, தீய்த்தது போல நிற்கும். முடிவெடுக்க அதிக அவகாசம் கிடையாது. முன்பெல்லாம் வேளாண் அலுவலரைக் கேட்பார்கள், உரக்கடையில் கேட்பார்கள், பக்கத்து வயல்காரரைக் கேட்பார்கள். இப்போது வரப்பில் நின்றபடியே போனில் தேடுகிறார்கள். "இதை அடிங்க, மூணு நாள்ல சுத்தமாயிடும்" என்று நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர் வயலில் நின்று ஒருவர் சொல்கிறார். நம்பத்தானே தோன்றும்?

ஆனால் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தைப் புகையானுக்கு அடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள் செத்து, பூச்சி முன்னைவிடப் பெருகிவிடும். வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவருவது வேறு: நடும்போதே பட்டம் (இடையிடையே நடைவழி போல வெற்றிடம்) விட்டு நடுங்கள், தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரை வடியுங்கள். தண்ணீரை வடிக்கச் சொல்வதற்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்? காசு வருகிற ஆலோசனைதான் அடிக்கடி கண்ணில் படுகிறது, காசில்லாத ஆலோசனை பின்னால் போய்விடுகிறது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான்.

ஊடகமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 1960களில் ஆடுதுறை 27 ரக நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியதற்குத் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு பெரிய காரணம். "ரேடியோ நெல்" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அந்த வானொலிக்கு விதை விற்று ஆகவேண்டியது ஒன்றுமில்லை. உரக்கடைக்காரருக்கு ஆதாயம் உண்டு, ஆனால் அவர் கல்லாவில் உட்கார்ந்துதான் பேசுகிறார். அவர் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று கேட்பவருக்குத் தெரியும். சேனல் நடத்தும் பையன்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். பார்வைக் கணக்கில் வரும் வருமானம் நிலையாக இருக்காது, அதனால் கம்பெனிப் பணம் வாங்குகிறார்கள். வாங்கட்டும், அதுவும் ஒரு தொழில்தான். கல்லா எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட வேண்டும். நாம் தேடும் சொல் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

"கட்டண விளம்பரம்" ஒத்துவராது. கட்டணக் கழிப்பறை, கட்டண தரிசனம், கட்டண சேனல் எல்லாவற்றிலும் காசு கொடுப்பது அதைப் பயன்படுத்துகிறவர். காணொளி மேல் "கட்டணம்" என்று போட்டால், இதைப் பார்க்க நாம் பணம் கட்ட வேண்டுமோ என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

மன்னார்குடி நண்பர் சொன்ன "உபயம்" மீது எனக்கும் ஆசைதான். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெயர் எழுதியிருக்குமே, அதைவிடப் பழகிய சொல் எங்கே கிடைக்கும்? கொடுத்தவர் பெயரும் கூடவே வரும் என்பது பெரிய வசதி. ஆனாலும் உபயம் என்றால் சாமிக்கோ ஊருக்கோ கொடுத்தது. கொடுத்தவருக்குப் புண்ணியமும் பெயரும் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த விளக்கு யாரையும் எதையும் வாங்கச் சொல்வதில்லை. மருந்துக் கம்பெனி கொடுத்த பணத்தை உபயம் என்று எழுதினால் வியாபாரத்துக்குத் திருநீறு பூசியதாகிவிடும். பார்ப்பவருக்கு எச்சரிக்கை போவதற்குப் பதில் மரியாதை வந்துவிடும். "வழங்குநர்" என்பதிலும் இதே குறைதான்.

"கூலிப் பரிந்துரை" வேண்டவே வேண்டாம். கூலிக்கு மாரடிப்பது என்ற வழக்கால் அதில் ஏற்கெனவே இளக்காரம் ஏறியிருக்கிறது, எந்தச் சேனல்காரரும் தன் முகத்தின் மேல் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார். அதோடு, கூலிக்காகப் போராடி உயிர் கொடுத்த மண் இது. கீழத்தஞ்சையில் அந்தச் சொல்லை வசவாக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆதாயம்" மேற்சொன்ன எல்லாவற்றையும் தாங்குகிறது. பணம், இலவசத் தெளிப்பான், ஊட்டிப் பயணம், மச்சான் கடை என எதுவானாலும் ஆதாயம்தான். ஆதாயமில்லாமல் ஆற்றோடு போவார்களா என்று பேச்சிலேயே இருப்பதால் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும். வசவும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

வடசொல் என்று புலவர் ஐயா மறுப்பார் என்று தெரியும். ஐயா, அதற்கு நல்ல தமிழ் "ஊதியம்". "ஊதியம் இல்லை உயிர்க்கு" என்ற குறளில் அதற்குப் பொருள் ஆதாயம்தான். இன்று ஊதியம் என்றால் மாதச் சம்பளம் என்றல்லவா மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்? "ஊதியப் பரிந்துரை" என்றால் அலுவலகத்தில் சம்பள உயர்வுக்குச் சிபாரிசு செய்தது போலிருக்கும். அதனால்தான் ஆதாயத்தில் நிற்கிறேன்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. விற்பவருக்கும் பேசுபவருக்கும் உள்ள உறவு "ஆதாயத் தொடர்பு". கீழே கொடுக்கும் சுட்டியை அழுத்தி வாங்கினால் சேனலுக்குப் பங்கு வருமே, அது "ஆதாயச் சுட்டி". திரையில் போட இப்படி ஒரு வரி போதும்: "ஆதாயப் பரிந்துரை – கொடுத்தது: (கம்பெனி பெயர்)". உபயத்தில் இருந்த நல்ல அம்சமான பெயர் சொல்லும் வழக்கத்தை இதில் தக்கவைத்திருக்கிறேன், மன்னார்குடி நண்பர் கவனிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. வாயால் சொல்லும்போது "ஆதாயப் பரிந்துரை" கொஞ்சம் நீளம். "இது ஆதாயப் பதிவுங்க" என்று சொன்னால் போதுமா, அல்லது "பரிந்துரை" கட்டாயம் வேண்டுமா? சேனல் நடத்துகிற நண்பர்கள் இரண்டையும் ஒருமுறை மைக்கில் சொல்லிப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
நீடாமங்கலத்திலிருந்து